ஐந்தாவது எலுமிச்சை

கல்யாண வீட்டுக்கு வண்டி கொண்டுபோகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு விதி உண்டு. வண்டியை முகம் வெளியே பார்க்கும்படி திருப்பித்தான் நிறுத்த வேண்டும். மணப்பெண்ணோ மாப்பிள்ளையோ ஏறி உட்கார்ந்த பிறகு வண்டி முன்னால்தான் நகர வேண்டும், ஒரு அடிகூட ரிவர்ஸ் போகக் கூடாது. நல்ல காரியத்துக்குக் கிளம்பிவிட்டுப் பின்னால் போனால் வாழ்க்கையும் அப்படியே போய்விடுமாம். இதை யார் எழுதி வைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மாட்டு வண்டியில் கல்யாணத்துக்குப் போன காலத்தில் மாடு எங்கே ரிவர்ஸ் எடுத்தது என்று எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனாலும் கல்யாண வீடு என்றால் திருப்பித்தான் நிறுத்துவேன். கூலி கொடுக்கிறவர்களின் நம்பிக்கையோடு எனக்கு என்ன சண்டை?

வேடிக்கை என்னவென்றால், என் பிழைப்பு ஓடுவதே ரிவர்ஸில்தான். வாரநாட்களில் நான் பார்சல் கொடுக்கிறவள். யாருக்கும் சம்பள ஆள் இல்லை. சொந்த வேன், சொந்த எண்ணெய், கொடுக்கிற பார்சலுக்குத் தகுந்த கூலி. எங்கள் மலேசியாவில், கோலா சிலாங்கூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துச் சந்துகள் பெரும்பாலும் முட்டுச் சந்துகள். ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் சாக்கடை. கடைசி வீட்டுக்காரி புடவை வாங்கியிருந்தால் உள்ளே போன வழியிலேயே பின்னால் வந்தாக வேண்டும். நாய், கோழி, கொடியில் காயும் துணி, குறுக்கே நிறுத்திய மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் வழிவிட்டு வர வேண்டும். முன்னால் போக எல்லாருக்கும் தெரியும். இந்த வட்டாரத்தில் என்னளவுக்குப் பின்னால் ஓட்டத் தெரிந்தவர்கள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

வேன் என் வீட்டுக்காரர் விட்டுப்போனது. லைசென்ஸ் நானாக எடுத்தது. அவர் போன பிறகு வேனை விற்றுவிடச் சொன்னவர்கள் எங்கள் சொந்தத்தில் நிறைய. விற்றால் வாங்கிக்கொள்ள ஆள் தயாராக இருந்ததும் அதே சொந்தத்தில்தான். எனக்கு வந்த கோபத்தில் மறுவாரமே ஓட்டுநர் பள்ளியில் போய் நின்றேன்.

அந்த மணப்பெண் எனக்குப் பழக்கமானது பார்சலால்தான். எண்ணெய்ப் பழம் காய்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குடியிருந்தாள்; கோலா சிலாங்கூரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. தோட்டத்து வாசலில் காவல் நிற்கும் ஜாகாக்காரர் என் வேனை உள்ளே விடாத நாட்களில் அவளே வேலை முடிந்து சாலை வரைக்கும் வந்து வாங்கிக்கொள்வாள். முதலில் வளையல் வந்தது. பிறகு வரவேற்புத் தட்டுகள், சரவிளக்கு, ரவிக்கைக்கு வைத்துத் தைக்கும் கல், தாம்பூலப் பைகள். ஒரு வருஷமாக அவள் கல்யாணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். ஒருநாள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

“எல்லாத்தையும் நீங்கதான கொண்டாந்தீங்க ஆன்ட்டி. என்னையும் நீங்களே கொண்டுபோய் விட்டுடுங்க லா.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவள் அப்பாவே போன் பண்ணிவிட்டார். வீட்டிலிருந்து கோயிலுக்கு ஒரு நடை. தாலி கட்டியதும் கோயிலிலிருந்து பத்தாங் காலியில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னொரு நடை. காரில் ஏறினால் கொண்டை இடிக்கும், பூ நசுங்கும், வேன் என்றால் நிமிர்ந்து உட்காரலாம் என்று மகள் பிடிவாதம் பிடிக்கிறாளாம். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன்.

நான் தாலி அறுத்தவள். கல்யாண வீட்டில் எனக்கு என்ன இடம் என்று எனக்குத் தெரியும். சாப்பிடக் கூப்பிடுவார்கள், ஆரத்தி எடுக்கக் கூப்பிட மாட்டார்கள். அப்படிப்பட்டவள் மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவதை யார் பொறுத்துக்கொள்வார்கள்? நல்லபடியாக முடிந்தால் கல்யாணச் சவாரி என்று எனக்குப் புதிதாக ஒரு வருமானம் திறக்கும். ஏதாவது ஒன்று கோணலாகப் போனால், அன்றைக்கு மட்டுமல்ல, அந்தப் பெண்ணுக்கு எந்தக் காலத்தில் தலைவலி வந்தாலும், அன்னைக்கு வண்டி ஓட்டினது யாரு தெரியுமில்ல என்று பேசுவார்கள். என் பெயர் கெடுவதைத் தாங்கிக்கொள்வேன். அவள் தலையில் அது விழக் கூடாது என்பதுதான் என் பயம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வேனைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பாசிர் பெனம்பாங்கிலிருந்து உணவுக்கடைகளுக்கு நண்டும் இறாலும் அடிக்கடி ஏற்றுகிற வண்டி அது. சவர்க்காரம், எலுமிச்சைத் தோல், சாம்பிராணிப் புகை என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் என் மூக்கையே நம்பாமல் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன். “கோயில் மாதிரி இருக்குடி” என்றாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். எனக்குத் தூக்கம் வந்தது.

காலையில் போய் வேனைத் திருப்பி நிறுத்தினேன். ராத்திரி முழுக்க மழை. வாசலில் பந்தலுக்குக் கீழே தண்ணீர் தேங்கி, நாற்காலிகள் எல்லாம் ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தன. பெண்ணின் அத்தை, அப்பாவுக்கு மூத்தவர், தாம்பாளத்தோடு வெளியே வந்தார். கல்யாணத்தின் மொத்தப் பொறுப்பும் அவர் கையில்தான். அகலமான கரை வைத்த பட்டுப்புடவை, ரூபாய் அளவுக்குப் பொட்டு. என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் தம்பியிடம் கேட்டார்.

“ஊர்ல வேற வண்டியே இல்லியா?”

“பாப்பா கேட்டுச்சுக்கா,” என்றார் அப்பா மெதுவாக.

அத்தை குனிந்தார். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார். அது வழக்கம்தான், வண்டி நகரும்போது பழம் நசுங்கினால் திருஷ்டி கழியும். பிறகு தாம்பாளத்திலிருந்து இன்னொரு பழத்தை எடுத்துக் குங்குமம் தடவினார். ஓட்டுநர் கதவுக்குக் கீழே, என் காலடியில், அதை வைத்தார்.

“மிதிச்சிட்டு ஏறு.”

டயரோடு டயராக என்னையும் சேர்த்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாவியை அவர் தாம்பாளத்தில் வீசிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நிலைப்படிக்கு உள்ளே மணப்பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணில் மை கரைய ஆரம்பித்திருந்தது. அவளுக்காக மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன், சாறு அத்தையின் புடவைக்கரையில் தெறித்தது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

வீட்டுக்கு மூத்தவர் என்பதால் என் பக்கத்து முன்சீட் அத்தைக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். அவர் அதில் ஏறவில்லை. பின்னால் வந்த தாய்மாமன் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். வேனில் பெண்ணும் அவள் அம்மாவும் தோழிகள் இரண்டு பேரும் மட்டும். மற்ற சொந்தங்கள் விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டார்கள்; அப்பா எங்களுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார். பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும்.

தோட்டத்துப் பெரிய சாலைக்கு வந்தால் சாலையையே காணோம். மழையும் கடல் பெருக்கும் ஒன்றாகச் சேர்ந்து, நான் வந்தபோது கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் இப்போது முழங்கால் அளவுக்கு நின்றது. சுற்றிப் போனால் முகூர்த்தம் போய்விடும். மிச்சம் இருந்தது கரைவழி ஒன்றுதான். பெரிய பாரிட்டின் ஓரமாகப் போகிற மண்பாதை. பாரிட் என்றால் வயல்களிலும் தோட்டங்களிலும் தண்ணீர் வடிய வெட்டிய கால்வாய். பாதைக்கு ஒரு பக்கம் அந்தப் பெரிய பாரிட், மறுபக்கம் செம்பனைக்குப் போகிற சின்ன பாரிட். ஒரு லோரி போகிற அகலம், அவ்வளவுதான். நான் தினமும் போகிற பாதை. பெண்ணின் அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திருப்பினேன்.

பாதி தூரம் போயிருப்போம். எதிரே வளைவில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. முன்னால் ரோஜாப்பூ வளையம், கதவுகளில் ரிப்பன். அதற்குப் பின்னால் நான்கு கார், அதற்கும் பின்னால் ஒரு பஸ். அதுவும் கல்யாண வண்டி. நல்ல நாள் என்றால் எல்லாருக்கும்தானே நல்ல நாள்? வேறொரு தோட்டத்து மாப்பிள்ளை, பெண் வீட்டு ஊர்க் கோயிலுக்குப் போகிறவர், எங்களைப் போலவே பெரிய சாலையைப் பார்த்துவிட்டுக் கரைவழிக்கு வந்திருக்கிறார்.

இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு. யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும்.

முறுக்கு மீசை வைத்த பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். எங்கள் பக்கம் தாய்மாமன் இறங்கினார்.

“கொஞ்சம் பின்னாடி எடுங்கண்ணே, பொண்ணு வண்டி,” என்றார் தாய்மாமன்.

“இது மாப்ள வண்டி. மாப்ள வண்டி ரிவர்ஸ் எடுக்குமா? நீங்க எடுங்க.”

“நல்லாருக்கே நியாயம். ஒங்க மாப்ளைக்கு ஒரு சட்டம், எங்க பொண்ணுக்கு ஒரு சட்டமா?”

“பஸ்ஸு நிக்குது சார் பின்னால! பஸ்ஸத் தூக்கிக் காட்டுக்குள்ள வைக்கச் சொல்றீங்களா?”

குரல்கள் ஏறின. மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. மாமன் காரின் கண்ணாடி இறங்கியது. அத்தையின் குரல் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு வந்தது.

“நான் அப்பவே சொன்னேன்ல? இவ ஓட்டுனா இப்படித்தான் ஆவும்னு சொன்னேன்ல?”

வேனுக்குள் பெண் அழ ஆரம்பித்தாள். சத்தம் வராமல் அழுதாள். நான் பயந்தது நடந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் புத்தி நன்றாக வேலை செய்யும். பெண்தானே பின்னால் போகக் கூடாது? வண்டி பின்னால் போவதற்கு என்ன கேடு?

இறங்கிப் பின்கதவைத் திறந்தேன்.

“எறங்கும்மா. நீ ஒரு அடி பின்னால வர வேணாம். இங்கயே நில்லு. வண்டிய மட்டும் நான் பின்னால கொண்டுபோறேன். அவுங்க போனப்புறம் முன்னால வந்து ஒன்ன ஏத்திக்கறேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். “ஆன்ட்டி, நீங்க செம லா,” என்றாள்.

நிற்க இடம் வேண்டுமே? சின்ன பாரிட்டின் மேல், பழம் வெட்டுகிறவர்கள் தாண்டுவதற்கு ஒரு சிமெண்டுப் பலகை போட்டிருந்தார்கள். பெண்ணைக் கைப்பிடித்து அதில் நடத்தி, செம்பனை நிழலில் நிறுத்தினோம். பக்கவாட்டில் போவதைப் பற்றி எந்த விதியும் இல்லை. அம்மா குடை பிடித்தார். தோழிகள் புடவையைத் தூக்கிப் பிடித்தார்கள்.

முதலில் நகர வேண்டியது எனக்குப் பின்னால் இருந்த மாமன் கார். தாய்மாமன் வீறாப்பாக ஏறி உட்கார்ந்தார். ரிவர்ஸ் போட்டதும் கார் ஒரு துள்ளுத் துள்ளி, பின் சக்கரம் கரைப்புல்லின் மேல் போய் நின்றது. அந்தப் புல்லுக்குக் கீழே மண் இல்லை, வெறும் தண்ணீர். மனிதர் வேர்த்துப்போய் வெளியே வந்தார்.

“ஆட்டோ கியரு காடிம்மா... பின் கேமராவுல சேறு அடிச்சிருச்சு... ஒண்ணும் தெரியல.”

“சாவி உள்ளதான இருக்கு? தள்ளி நில்லுங்கண்ணே, நான் எடுக்கறேன்,” என்றேன்.

பின்சீட்டில் அத்தை இருந்தார். வெளியே கணுக்கால் அளவுக்குச் சேறு. பட்டுப்புடவையோடு இறங்க மாட்டேன் என்றார். நான் ஓட்டுகிற வண்டியில் உட்காரவும் மாட்டேன் என்று காலையிலேயே சொல்லாமல் சொன்னவர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவருக்கு நேரம் கொடுக்காமல் நான் கதவைச் சாத்தினேன்.

இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் கீழே சாய்த்தேன், பின் சக்கரம் மண்ணைத் தொடுகிற இடம் தெரியும்படி. இதுதான் என் வித்தை, வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தால் உடம்பு திரும்பும், கையும் கூடவே திரும்பும். கண்ணாடியில் புல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் மண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். முதலில் முன்னால் ஒரு முழம் எடுத்து, புல்லிலிருந்து சக்கரத்தை இறக்கினேன். பிறகு ஒரே சீராகப் பின்னால் விட்டேன். பழக்குலைகளைக் கொட்டி வைக்கும் மேடை ஒன்று பின்னால் இருந்தது, லோரி திரும்பும் அளவுக்கு அகலம். அதுவரைக்கும் வளைவும் சேறுமாக நீண்ட தூரம்.

“முருகா, முருகா” என்று பின்சீட்டில் ஆரம்பித்தது. கொஞ்ச தூரத்தில் முருகன் நின்றுவிட்டார். வளைவு வந்தபோது, “தண்ணி... தண்ணி பக்கம் போவுது” என்று அத்தை கத்தினார். “தெரியுதுக்கா, என் பக்கந்தான் தண்ணி. விழுந்தா நான்தான் மொதல்ல நனைவேன்” என்றேன். உள் கண்ணாடியில் பார்த்தேன். அவர் பாரிட்டைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் காரை ஒதுக்கிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினேன். எதிர்க்கட்சிக்காரர்கள் எல்லாரும் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கறுப்புக் காரின் ஓட்டுநர், கூலிங் கிளாஸ் போட்ட வாலிபன், கைபேசியில் படம் பிடித்தான். பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேன் என்றால் எனக்குக் கண்ணாடிகூட அதிகப்படி. கார் போன வேகத்தைவிட வேகமாகவே பின்னால் போனேன். அதில் கொஞ்சம் ஜம்பமும் இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். மேடையில் வேனைச் செருகி நிறுத்தியதும் கரையிலிருந்து கைதட்டல் கேட்டது. மீசைப் பெரியவர்தான் ஆரம்பித்தாராம், தோழிகள் பிறகு சொன்னார்கள்.

மாப்பிள்ளை வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டின. செம்பனை நிழலில் நின்ற எங்கள் பெண்ணைப் பார்த்து அந்த மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கிக் கைகூப்பினாராம். பஸ்ஸிலிருந்த பொம்பளைகள், “மகராசியா இரும்மா” என்று ஜன்னல் ஜன்னலாக வாழ்த்திக்கொண்டே போனார்களாம். ஒரு பஸ் நிறைய வாழ்த்து. இதைப் பணம் கொடுத்து வாங்க முடியுமா? பஸ் மேடையைத் தாண்டியதும் நான் வேனை எடுத்து, முன்னால் போய், பலகைக்கு நேராக நிறுத்தினேன். பெண் ஏறினாள். ஒரு அடிகூடப் பின்னால் வராமல் கோயிலுக்குப் போனாள்.

நான் மண்டபத்துக்குள் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, என் கால் முழுக்கச் சேறு. கோயில் குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது கெட்டிமேளம் கேட்டது. மணியைப் பார்த்தேன். பத்தரை ஆவதற்கு இன்னும் நேரம் இருந்தது. குழாயை மூடாமல் அப்படியே நின்று அழுதேன். நல்லவேளை, முகம் கழுவுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

சாப்பாடு முடிந்து பத்தாங் காலிக்குக் கிளம்புகிற நேரம். வேன் முகம் வெளியே பார்த்தபடி நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். என்னைப் பற்றி அதற்குள் கோயில் முழுக்கப் பேச்சு. தாய்மாமன் ஒவ்வொருவரிடமும் கரைவழிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்வதில் பாரிட் ஆற்றளவுக்கு அகலமாகியிருந்தது. அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கிற ஒருவர் என் நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அத்தை தாம்பாளத்தோடு வந்தார். புடவைக்கரையில் காலையில் தெறித்த சாறு மஞ்சளாகக் காய்ந்திருந்தது. முன்சக்கரம் இரண்டுக்கும் பழம் வைத்தார். பின்னால் சுற்றிப் போய் அங்கேயும் வைத்தார். நான் ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். காலை மட்டும் தயாராக முன்னால் நீட்டியிருந்தேன். ஊர் எவ்வளவு புகழ்ந்தாலும் அந்த ஒரு பழம் என் கணக்கில் அப்படியே நின்றது.

அவர் வந்தார். என்னைத் தாண்டி மறுபக்கம் போனார். முன்கதவைத் திறந்து, பட்டுப்புடவையை ஒதுக்கிக்கொண்டு, என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். காலித் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? கேட்டுவிட்டேன்.

“அஞ்சாவது பழம் எங்கக்கா?”

அத்தை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே சாலையைப் பார்த்தபடியே சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

“வண்டிக்கு வீலு நாலுதான? ஏறும்மா, நேரமாவுது.”

நான் ஏறி உட்கார்ந்தேன். நான்கு பழமும் நசுங்க, வண்டி முன்னால் நகர்ந்தது.